இணையக் கடைக்கு எஸ்.எஸ்.எல் சான்றிதழ்: யாரிடம் வாங்குவது?

இணையத்தளம் ஒன்றை அமைத்துத் தருமாறு எந்த நிறுவனத்திடம் கேட்டாலும், அவர்கள் அனுப்பும் கொட்டேஷனில் டொமைன், ஹோஸ்டிங், வடிவமைப்பு என்று வரிசையாக வந்து, கடைசியில் 'எஸ்.எஸ்.எல் சான்றிதழ்' என்றொரு வரி இருக்கும். ஒருவர் அதற்குப் பணமே கேட்கமாட்டார். இன்னொருவர் சில ஆயிரம் ரூபா போடுவார். மூன்றாமவர் வெளிநாட்டுக் கம்பனியொன்றின் பெயரைச் சொல்லி, வருடத்துக்கு நூற்றுக்கணக்கான டொலர் என்பார். புறக்கோட்டையில் ஒரே துணிக்கு மூன்று கடைகளில் மூன்று விலை சொன்னால், எமது வியாபாரிகள் துணியைத் தொட்டுப் பார்த்து, நூலை இழுத்துப் பார்த்து முடிவெடுத்து விடுவார்கள். இந்தச் சரக்கைத் தொட்டுப் பார்க்க முடியாது. அதனால் விலை கூடியதுதான் நல்லது என நம்பி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இலவசமாகத்தானே கிடைக்கிறது என்று எதையும் விசாரிக்காமல் விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரு சாராருக்கும் நட்டம் வரலாம்.

இந்தச் சான்றிதழ் உண்மையில் என்ன செய்கிறது? மருதமுனைச் சாரங்களை இணையத்தில் விற்கும் ஒருவரின் தளத்துக்குள் கொழும்பில் உள்ள வாடிக்கையாளர் ஒருவர் நுழைந்து, தனது பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், கடவுச்சொல் என்பவற்றைக் கொடுக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். அந்தத் தகவல் அவரது கையடக்கத் தொலைபேசியிலிருந்து உங்கள் தளம் இருக்கும் சேர்வரைச் சென்றடைவதற்குள் பல கைகளைக் கடந்து போகிறது. சான்றிதழ் இல்லாத தளமென்றால் அது தபாலட்டையில் எழுதி அனுப்பியதைப் போன்றது. வழியில் நிற்பவர் வாசிக்கலாம், விரும்பினால் மாற்றியும் எழுதலாம். சான்றிதழ் உள்ள தளத்தில் இரண்டு விடயங்கள் நடக்கின்றன. ஒன்று, தகவல் பூட்டிய பெட்டிக்குள் போகிறது. மற்றது, அந்தப் பெட்டி போய்ச் சேருமிடம் உண்மையாகவே அந்த முகவரிக்குரிய சேர்வர்தான் என்பது உறுதிப்படுத்தப்படுகிறது. 2018 ஜூலை முதல் கூகுளின் குரோம் உலாவி, சான்றிதழில்லாத எல்லாத் தளங்களையும் 'பாதுகாப்பற்றது' என்று முகவரிப் பட்டையிலேயே எழுதிக் காட்டத் தொடங்கியது. ஆகவே இது வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி இப்போது இல்லை.

எஸ்.எஸ்.எல் என்பது பழைய பெயர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்று பாவனையிலிருக்கும் தொழில்நுட்பம் டி.எல்.எஸ். எஸ்.எஸ்.எல்லின் கடைசிப் பதிப்பும் 2015 ஆம் ஆண்டிலேயே பாவிக்கக் கூடாதென விலக்கப்பட்டுவிட்டது. பெயர் மாற்றப்பட்ட பின்பும் பழைய பெயராலேயே அழைக்கப்படும் கொழும்பு வீதிகளைப் போல, வியாபாரத்தில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

இனி உங்கள் கடையிலுள்ள தராசை எண்ணிப் பாருங்கள். தராசை எந்தக் கம்பனி செய்தாலும், அளவீட்டுத் திணைக்களத்தின் முத்திரை இருந்தால்தான் அதில் நிறுத்து விற்க முடியும். வாடிக்கையாளர் தராசைச் சோதிப்பதில்லை, முத்திரையை நம்புகிறார். இணையத்தில் அந்த முத்திரையைக் குத்துவது பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள். டிஜிசேர்ட், செக்டிகோ (2018 வரை கொமோடோ என்ற பெயரில் இயங்கியது), குளோபல்சைன், லெட்ஸ் என்கிரிப்ட் என்பன அவற்றுட் சில. அப்படியானால் அந்த நிறுவனங்களை நம்பலாமென்று யார் சொல்வது? கூகுள், அப்பிள், மைக்ரோசொப்ட், பயர்பொக்ஸ் உலாவியைத் தரும் மொஸில்லா ஆகிய நான்கு தரப்பினர் தத்தமக்கென ஒரு நம்பிக்கைப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலிலுள்ள நிறுவனம் வழங்கிய சான்றிதழை உலாவி ஏற்றுக் கொள்ளும். பட்டியலில் இல்லாவிட்டால் முழுத்திரை எச்சரிக்கை வரும். விற்பனையாளர் எவ்வளவு பெரிய பெயரைச் சொன்னாலும், நீங்கள் முதலில் கேட்க வேண்டியது இந்த நான்கு பட்டியல்களிலும் அந்த நிறுவனம் இருக்கிறதா என்பதைத்தான்.

இருப்பவர்கள் என்றைக்கும் இருப்பார்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனம் அந்நாட்டு அரசாங்கத்துக்கே சான்றிதழ் வழங்கி வந்தது. 2011 இல் ஹெக்கர்கள் அதன் கணினிகளுக்குள் நுழைந்து 500 இற்கும் அதிகமான போலிச் சான்றிதழ்களை உருவாக்கினார்கள். கூகுளின் பெயரிலான போலிச் சான்றிதழைக் கொண்டு ஈரானில் ஜீமெயில் பாவித்தவர்களின் தொடர்புகள் இடைமறிக்கப்பட்டன. விடயம் வெளியானதும் உலாவிகள் அந்நிறுவனத்தை நீக்கின. அதே ஆண்டு செப்டெம்பரில் அது வங்குரோத்தானது.

அது சிறிய நிறுவனமென்று சொல்லலாம். சைமன்டெக் அப்படியல்ல. வெரிசைன் என்ற புகழ்பெற்ற பெயருக்குரிய சான்றிதழ் வியாபாரத்தை 2010 இல் வாங்கிய அந்நிறுவனத்திடம் தாவ்ட், ஜியோடிரஸ்ட், ரெபிட் எஸ்.எஸ்.எல் ஆகிய வர்த்தக நாமங்களும் இருந்தன. வழங்கும் முறையில் குறைபாடுகள் இருப்பதாகக் கூறி, அதன் சான்றிதழ்களைக் கட்டங்கட்டமாக நீக்குவதென 2017 இல் கூகுளும் மொஸில்லாவும் முடிவெடுத்தன. அந்த வியாபாரம் டிஜிசேர்ட்டுக்குக் கைமாறியது. 2018 ஒக்டோபரில் வந்த குரோம் 70 பதிப்புடன் பழைய சைமன்டெக் சான்றிதழ்கள் செல்லாமற் போயின. பெருந்தொகை கொடுத்து வாங்கியவர்களும் புதிதாக ஒன்றைப் பெற்றுப் பொருத்த வேண்டியிருந்தது. இலவசமாகக் கொடுத்து வந்த இஸ்ரேலின் ஸ்டார்ட்கொம் நிறுவனமும் இதற்கு விலக்கல்ல. சீனாவின் வோசைன் அதைச் சத்தமில்லாமல் வாங்கியிருந்தது 2016 இல் தெரியவர, இரண்டு நிறுவனங்களும் நம்பிக்கையிழந்தன. மிக அண்மையில், 2024 ஜூனில், பல காலமாக வங்கிகளுக்கும் அரசுகளுக்கும் சான்றிதழ் கொடுத்து வந்த என்ட்ரஸ்ட்டின் புதிய சான்றிதழ்களை ஏற்பதில்லை என்று கூகுள் அறிவித்தது. 2025 தொடக்கத்தில் அந்தப் பகுதி செக்டிகோவுக்கு விற்கப்பட்டது.

ஆக, விலையோ வயதோ பெயரோ இங்கு உத்தரவாதமல்ல. எந்த நிறுவனத்தை எடுத்தாலும், ஒருநாள் அதை விட்டு வேறொன்றுக்கு மாற வேண்டி வந்தால் சிரமமில்லாமல் மாற முடியுமா என்பதுதான் முக்கியம்.

இப்போது வகைகளுக்கு வருவோம். விலை வித்தியாசம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. டி.வி என்ற முதல் வகையில், அந்த இணைய முகவரி உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதை மட்டும் இயந்திரம் பரிசோதித்துச் சில நிமிடங்களில் வழங்கிவிடும். ஓ.வி என்ற இரண்டாம் வகையில் உங்கள் வியாபாரம் சட்டப்படி பதிவானதா என்று ஆட்கள் பார்ப்பார்கள். ஈ.வி என்ற மூன்றாம் வகையில் அந்தச் சோதனை இன்னும் இறுக்கமானது. தகவலைப் பூட்டும் பூட்டு மூன்றிலும் ஒன்றேதான். ஈ.வி வாங்கினால் உங்கள் வாடிக்கையாளரின் கடனட்டை இலக்கம் அதிகப் பாதுகாப்பாகப் போகுமென்று எவராவது சொன்னால், அவருக்கு விடயம் தெரியவில்லை அல்லது உங்களுக்குத் தெரியாதென்று நினைக்கிறார்.

ஒரு காலத்தில் ஈ.வி சான்றிதழுக்குக் கண்ணுக்குத் தெரியும் பலனொன்று இருந்தது. முகவரிப் பட்டையில் கம்பனியின் பெயர் பச்சை நிறத்தில் தோன்றும். 2017 இல் அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் கென்டக்கி மாநிலத்தில் 'ஸ்ட்ரைப்' என்ற பெயரில் ஒரு கம்பனியைச் சட்டப்படி பதிவு செய்து, அந்தப் பெயருக்கு ஈ.வி சான்றிதழும் பெற்றுக் காட்டினார். பணப் பரிமாற்றத்தில் உலகப் புகழ்பெற்ற ஸ்ட்ரைப் கம்பனி வேறொரு மாநிலத்தில் பதிவானது. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. பொதுமக்கள் அந்தப் பச்சை எழுத்தைக் கவனிப்பதில்லை என்றும் கண்டறியப்பட்டது. 2018 இல் அப்பிளின் சபாரியும், 2019 செப்டெம்பரில் குரோமும், ஒக்டோபரில் பயர்பொக்ஸும் அதை எடுத்துவிட்டன. 2023 செப்டெம்பரில் குரோம் பூட்டுப் படத்தையும் மாற்றிவிட்டது. பூட்டைக் கண்டால் நேர்மையான கடை என்று மக்கள் நினைக்கத் தொடங்கியதே அதற்குக் காரணம். மோசடிக்காரனும் தன் முகவரிக்கு டி.வி சான்றிதழ் பெறலாம். பூட்டிய பெட்டியில் வைத்துக் கள்வனுக்கே அனுப்பிவிடும் கதைதான். ஆகவே 'பச்சைப் பட்டை வரும்' என்று இன்னமும் சொல்லி ஈ.வி விற்பவரிடம் விளக்கம் கேளுங்கள்.

அப்படியென்றால் ஓ.வி, ஈ.வி யாருக்கும் தேவையில்லையா? சிலருக்குத் தேவை. சில வெளிநாட்டுக் கொள்வனவாளர்களும் வங்கிகளும் டெண்டர் நிபந்தனைகளும் நிறுவனத்தின் பெயர் பதிந்த சான்றிதழைக் கேட்பதுண்டு. பேருவளையிலிருந்து வெளிநாட்டு நகைக் கம்பனிகளுக்கு மாணிக்கக்கல் அனுப்பும் ஏற்றுமதியாளரிடம் அப்படிக் கேட்டால் வாங்கத்தான் வேண்டும். அதற்குத் தயாராகும்போது ஒரு விடயத்தைக் கவனிக்கவும். எமது வியாபாரங்களில் கடைப் பலகையில் ஒரு பெயரும், பதிவுச் சான்றிதழில் இன்னொரு பெயரும், வங்கிக் கணக்கில் தகப்பனாரின் பெயரும் இருப்பது சர்வசாதாரணம். பரிசோதிப்பவர் வெளிநாட்டில் இருக்கிறார். அரச பதிவேட்டிலுள்ள பெயர் எழுத்துக்கெழுத்து ஒத்துப் போகிறதா, சுயாதீனமான ஓரிடத்தில் பட்டியலிடப்பட்ட தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் நிறுவனத்தவர் பதில் சொல்கிறாரா என்றுதான் பார்ப்பார். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிவானவர்களுக்கு இது இலகுவானது. பிரதேச செயலகம் மூலம் வியாபாரப் பெயரை மட்டும் பதிந்தவர்களுக்குக் கடிதப் போக்குவரத்து கூடலாம். கடைசி வாரத்தில் விண்ணப்பிக்க வேண்டாம்.

சில கம்பனிகள் 'பத்து இலட்சம் டொலர் உத்தரவாதம்' என்றெல்லாம் விளம்பரம் செய்யும். அது உங்கள் தளம் ஹெக் செய்யப்பட்டால் கிடைக்கும் காப்புறுதியல்ல. அந்த நிறுவனம் தவறான ஆளுக்குச் சான்றிதழ் கொடுத்து, அதை நம்பிய ஒருவர் பணமிழந்தால், நிபந்தனைகளுக்குட்பட்டுக் கொடுக்கப்படுவது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்பது எனது கருத்து.

இலவசச் சான்றிதழ் என்றதும் பலருக்குச் சந்தேகம் வருகிறது. இலாபமில்லாமல் ஒருவர் ஏன் தருகிறார் என்று கேட்பது வியாபாரியின் இயல்பு. லெட்ஸ் என்கிரிப்ட் அமெரிக்காவில் 2013 இல் நிறுவப்பட்ட இலாப நோக்கற்ற அமைப்பொன்றினால் நடத்தப்படுகிறது. பெரிய தொழில்நுட்பக் கம்பனிகளின் அனுசரணையிலும் நன்கொடையிலும் இயங்குகிறது. இணையம் முழுவதும் பூட்டிய பெட்டியில் போவது அந்தக் கம்பனிகளின் வியாபாரத்துக்கும் நல்லது. 2015 டிசம்பரில் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று உலகில் மிக அதிகமான தளங்கள் பாவிப்பது இதைத்தான். நான்கு பட்டியல்களிலும் இருக்கிறது. டி.வி வகை மட்டுமே தருகிறது. தொடக்கத்திலிருந்தே 90 நாள் சான்றிதழ்களையே வழங்கி வந்தது. மனிதன் ஞாபகம் வைத்துப் புதுப்பிப்பதற்குப் பதிலாகச் சேர்வரே தானாகப் புதுப்பித்துக் கொள்ள வேண்டும் என்பதே அதன் திட்டம். உங்கள் ஹோஸ்டிங் கம்பனி 'இலவச எஸ்.எஸ்.எல்' என்று சொல்வது பெரும்பாலும் இதையோ இதைப் போன்ற ஒன்றையோதான். வாடிக்கையாளரைத் தவிர வேறெவருக்கும் பெயர் பதிந்த சான்றிதழ் காட்ட வேண்டியிராத சாதாரணக் கடைத் தளத்துக்கு இது தாராளமாகப் போதும். பணம் கொடுத்து வாங்குபவருக்குக் கிடைப்பது முக்கியமாகத் தொலைபேசியில் உதவி கேட்கும் வசதியும் ஓ.வி, ஈ.வி வகைகளுமே.

ஆனால் அந்தத் தானியங்கிப் புதுப்பித்தல் உங்கள் சேர்வரில் வேலை செய்கிறதா? எனது அபிப்பிராயத்தில் முழுக் கட்டுரையிலும் இதுவே பெரிய கேள்வி. காலாவதியான சான்றிதழ் உள்ள தளத்தை உலாவி திறக்காது. 'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல' என்று திரை நிறைய எச்சரிக்கும். நோன்புப் பெருநாளைக்கு முந்திய வாரத்தில் அப்படி நடந்தால், வாடிக்கையாளர் உங்களை அழைத்து விசாரிக்கப் போவதில்லை. அடுத்த கடைக்குப் போய்விடுவார். பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2018 டிசம்பர் 6 அன்று எரிக்சன் நிறுவனத்தின் மென்பொருளில் இருந்த ஒரு சான்றிதழ் காலாவதியானதால் பிரித்தானியாவின் ஓ2 தொலைபேசி வலையமைப்பில் கோடிக்கணக்கானோர் டேட்டா இல்லாமல் தவித்தனர். 2020 பெப்ரவரி 3 அன்று மைக்ரோசொப்ட் டீம்ஸ் சில மணி நேரம் முடங்கியதும் இதே காரணத்தால்தான்.

இனிமேல் இது இன்னும் இறுக்கமாகப் போகிறது. முன்னொரு காலத்தில் ஒரு சான்றிதழை ஐந்து வருடத்துக்கு வாங்கலாம். அது படிப்படியாகக் குறைந்து, 2020 செப்டெம்பரில் 398 நாட்களாகியது. உலாவிக் கம்பனிகளும் சான்றிதழ் வழங்குவோரும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் ஒரு கால அட்டவணையை நிறைவேற்றியது. அதன்படி ஆகக் கூடிய ஆயுட்காலம் 2026 மார்ச் 15 முதல் 200 நாட்கள், 2027 மார்ச் 15 முதல் 100 நாட்கள், 2029 மார்ச் 15 முதல் 47 நாட்கள். இது இலவசச் சான்றிதழுக்கும் பணம் கொடுத்து வாங்குவதற்கும் ஒன்றுதான். 'மூன்று வருடத்துக்கு வாங்கினால் கழிவு' என்று யாரும் தந்தால், நீங்கள் வாங்குவது மூன்று வருடச் சந்தா. சான்றிதழை இடையிடையே மாற்றிப் பொருத்தியே ஆக வேண்டும். அந்தப் பொருத்தும் வேலையை யார் செய்வார், ஒவ்வொரு தடவையும் கூலி கேட்பாரா என்பதை கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். இதற்கிடையில் காலாவதி நெருங்கும்போது மின்னஞ்சலில் ஞாபகமூட்டும் வழக்கத்தை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. முன்பு அந்தக் கடிதத்தை நம்பியிருந்தவர்கள் வேறு ஏற்பாடு செய்ய வேண்டும்.

காலாவதியாகாமலும் ஒரு சான்றிதழ் திடீரென ரத்தாகலாம். 2024 ஜூலையில் டிஜிசேர்ட், தனது சோதனை முறையில் இருந்த ஒரு சிறு தவறைக் கண்டுபிடித்து, 83 ஆயிரத்துக்கும் அதிகமான சான்றிதழ்களை ரத்துச் செய்ய வேண்டி வந்தது. விதிப்படி கிடைத்த அவகாசம் 24 மணித்தியாலம்! ஞாயிற்றுக்கிழமை உங்கள் வெப் டிசைனர் தொலைபேசியை எடுக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதை இப்போதே யோசித்து வைப்பது நல்லது.

விற்பவரிடம் எதைக் கொடுக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். சான்றிதழுக்கு ஜோடியாக ஓர் இரகசியச் சாவி உண்டு. சான்றிதழ் எல்லோருக்கும் காட்டுவது, சாவி உங்கள் சேர்வரை விட்டு வெளியே போகக் கூடாதது. 2018 இல் பிரித்தானியாவின் டிரஸ்டிகோ என்ற இடைத்தரகு நிறுவனம் சுமார் 23 ஆயிரம் வாடிக்கையாளர்களின் இரகசியச் சாவிகளை டிஜிசேர்ட்டுக்குச் சாதாரண மின்னஞ்சலில் அனுப்பியது. அந்தச் சாவிகள் அவர்களிடம் எப்படி இருந்தன என்று உலகமே திகைத்தது. சான்றிதழ்கள் அத்தனையும் ரத்தாகின. ஆகவே 'சாவியையும் நாங்களே செய்து மின்னஞ்சலில் அனுப்புகிறோம்' என்பவரிடம் வாங்க வேண்டாம். அதே காரணத்துக்காக டொமைன் கணக்கு, ஹோஸ்டிங் கணக்கு, சான்றிதழ் கணக்கு மூன்றும் உங்கள் மின்னஞ்சல் முகவரியில் இருக்கட்டும். டிசைனருடன் மனஸ்தாபம் வந்து பிரியும் நாளில் கடைச் சாவி அவர் பையில் இருக்கக் கூடாது.

உள்நாட்டில் லங்கா சைன் என்ற சேவை இருக்கிறதே, அதை வாங்கலாமா என்று கேட்பவர்களுண்டு. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின் கையொப்பத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. லங்கா சைன் பிரதானமாக அந்தத் தேவைக்கானது. கையொப்பத்துக்கான சான்றிதழும் இணையத்தளத்துக்கான சான்றிதழும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாயினும் வேலை வேறு. எவரிடமிருந்து வாங்கினாலும் அந்த நான்கு பட்டியல்கள் என்ற கேள்வியே பொருந்தும். பணம் செலுத்தும் பக்கம் வங்கியுடையது, அதில் சான்றிதழ் இருக்கிறது, நமக்கெதற்கு என்பதும் சரியல்ல. வாடிக்கையாளரை வங்கியின் பக்கத்துக்கு அனுப்பும் பொத்தான் உங்கள் தளத்தில் இருக்கிறது. வழியில் நிற்பவன் அந்தப் பொத்தானையே மாற்றிவிடலாம்.

உங்கள் முகவரி 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' உடனும் அது இல்லாமலும் திறக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். சான்றிதழ் இரண்டு பெயருக்கும் இருக்க வேண்டும். '.எல்கே' முகவரிக்கும், தமிழில் '.இலங்கை' என முடியும் முகவரிக்கும் சான்றிதழ் பெறலாம். தளத்தைத் திறந்து முகவரிக்குப் பக்கத்திலுள்ள சின்னத்தை அழுத்தினால், சான்றிதழை யார் வழங்கியது, எந்தத் திகதியில் முடிகிறது என்ற விபரம் வரும். கணக்குப் பிள்ளையிடம் சொல்லி மாதமொருமுறை அந்தத் திகதியைப் பார்த்துக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். தானாகப் புதுப்பித்தல் சரியாக நடந்தால் திகதி முன்னே நகர்ந்து கொண்டே போகும். முடிவுக்கு இரண்டு வாரமே இருந்தும் அது நகராமல் நின்றால், அன்றே தொலைபேசியை எடுங்கள்.